ஊரார் வண்டியை ஊட்டி வளர்த்தால்

2023 மே 25 அன்று ஃபோர்டு தலைவர் ஜிம் ஃபார்லியும் டெஸ்லாவின் ஈலான் மஸ்க்கும் ட்விட்டரில் நேரலையாகச் சேர்ந்து பேசினார்கள். அடுத்த ஆண்டு முதல் ஃபோர்டின் மின்கார்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 12,000-க்கும் மேற்பட்ட டெஸ்லா சூப்பர்சார்ஜர்களில் மின்னேற்றிக்கொள்ளலாம், முதலில் அடாப்டர் தருவோம், 2025 முதல் எங்கள் புதிய வண்டிகளிலேயே டெஸ்லா பிளக் செருகும் வாய் இருக்கும் என்றார் ஃபார்லி. சரியாக இரண்டு வாரம் கழித்து ஜெனரல் மோட்டார்ஸின் மேரி பாரா வந்து அதையே சொன்னார். பிறகு ரிவியன், வால்வோ, மெர்சிடிஸ், நிஸான், ஹோண்டா, ஹூண்டாய், பிஎம்டபிள்யூ, டொயோட்டா, ஃபோக்ஸ்வாகன் என்று வரிசை நீண்டது. 2024 பிப்ரவரியில் ஸ்டெல்லாண்டிஸும் கையெழுத்துப் போட்டபோது, அமெரிக்கச் சந்தையில் ஒதுங்கி நிற்கும் பெரிய கார் கம்பெனி என்று அநேகமாக எதுவும் மிச்சமில்லை.

ஒன்பது மாதங்கள். வாகன உலகில் ஒரு கதவுப்பிடியின் வடிவத்தை மாற்றக்கூட அதைவிட அதிக நாள் ஆகும். அப்படி இவர்கள் ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டது எதை?

வெறும் பிளக்கை என்றுதான் செய்திகள் சொல்லின. பிளக் இந்தக் கதையின் சிறிய பகுதி. ஆனால் கண்ணுக்குத் தெரிவது அதுதான் என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஏசி. பேட்டரி ஏற்றுக்கொள்வது டிசி. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவி எல்லா மின்காரிலும் உண்டு. வண்டியே அதைச் சுமந்து திரியவேண்டியிருப்பதால் சிறியதாகத்தான் வைப்பார்கள். 7 கிலோவாட், 11 கிலோவாட் அளவில். அதைக்கொண்டு 75 கிலோவாட்-மணி பேட்டரியை நிரப்ப ஓர் இரவு வேண்டும். நெடுஞ்சாலையில் காப்பி குடித்து முடிப்பதற்குள் நிரப்ப வேண்டுமானால், மாற்றும் கருவியைக் காருக்கு வெளியே ஆளுயரப் பெட்டியில் வைத்து, டிசியை நேரே பேட்டரிக்குள் செலுத்த வேண்டும். வேகச் சார்ஜர் என்பது இவ்வளவுதான். 2012 செப்டம்பரில் டெஸ்லா கலிபோர்னியாவில் ஆறு இடங்களில் சூப்பர்சார்ஜர்களைத் திறந்தது. ஆரம்ப காலப் பெட்டிகளுக்குள் இருந்தது, மாடல் எஸ் காருக்குள் இருக்கும் அதே சிறிய சார்ஜர்தான். பன்னிரண்டை ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். அவசரத்துக்குச் செய்த காரியம் போலத் தெரியும். ஆனால் புதிதாக எதையும் வடிவமைக்காமல் நூறு கிலோவாட்டைத் தாண்டுவதற்கு அதைவிடக் குறுக்குவழி கிடையாது.

அப்போது சந்தையில் வேறு பிளக்குகள் இல்லாமலில்லை. ஜப்பானியர்கள் 2010-லேயே நிஸான் லீஃப் காருடன் சாடெமோவைக் கொண்டுவந்துவிட்டார்கள். அது சுமார் 50 கிலோவாட். ஜெர்மானிய, அமெரிக்கக் கம்பெனிகள் சேர்ந்து உருவாக்கிய சிசிஎஸ் இன்னும் அமெரிக்கச் சாலைக்கு வரவில்லை. டெஸ்லாவுக்குக் காத்திருக்க நேரமில்லை, தன் பிளக்கைத் தானே செய்துகொண்டது.

அமெரிக்காவின் சிசிஎஸ் பிளக்கில் ஏழு முனைகள். ஏற்கெனவே இருந்த ஐந்து முனை ஏசி பிளக்கின் அடியில், டிசிக்கென்று இரண்டு தடித்த முனைகளை ஒட்டவைத்தார்கள். டெஸ்லா பிளக்கில் மொத்தமே ஐந்து. அதே இரண்டு பெரிய முனைகள் வீட்டில் ஏசியையும் நெடுஞ்சாலையில் டிசியையும் கொண்டுவரும். எந்த வழியில் அனுப்புவது என்று காருக்குள் இருக்கும் காண்டாக்டர்கள், அதாவது பெரிய மின்காந்த சுவிட்சுகள், முடிவு செய்யும். அதனால் பிளக் சிறியது, இலேசானது, வயதானவர்கூட ஒரு கையால் செருகலாம். என் பார்வையில் இரண்டில் இதுவே நல்ல வடிவமைப்பு. ஆனால் நல்ல வடிவமைப்பு மட்டுமே ஜெயிக்கும் என்றால், 2014-லேயே டெஸ்லா தன் காப்புரிமைகளை நல்லெண்ணத்தோடு பயன்படுத்துவோர்மேல் வழக்குப் போடமாட்டோம் என்று அறிவித்தபோதே எல்லாரும் வந்திருக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் எதுவும் வரவில்லை.

பிளக்கின் வடிவத்தை ஓர் அடாப்டர் மாற்றிவிடும். உள்ளே மின்னணுவியல் ஒன்றும் தேவையில்லை. செம்பும் பிளாஸ்டிக்கும் ஒரு வெப்ப உணரியும் போதும். பிறகு ஏன் பத்தாண்டுகளாக ஒரு ஃபோர்டு சூப்பர்சார்ஜரில் மின்னேற்ற முடியவில்லை? செருகியதும் சார்ஜரும் காரும் பேசிக்கொள்ள வேண்டும், இரண்டும் வெவ்வேறு மொழி பேசின. அதுதான் காரணம்.

இந்தப் பேச்சைக் கொஞ்சம் நின்று கேட்பது நல்லது. வேகச் சார்ஜிங்கின் முழு நுட்பமும் மின்சாரம் பாய்வதற்கு முந்தைய அந்தச் சில நொடிகளில் இருக்கிறது.

பிளக்கின் சிறிய முனைகளில் ஒன்றுக்கு பைலட் என்று பெயர். சார்ஜர் அதில் நொடிக்கு ஆயிரம் துடிப்புகள் கொண்ட 12 வோல்ட் சமிக்ஞையை அனுப்பிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் உயர்ந்து நிற்கிறது என்பதில் செய்தி இருக்கிறது. வீட்டுச் சார்ஜரில் அது எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்று சொல்லும். ஐந்து சதவீத நேரம் மட்டும் உயர்ந்து நின்றால் அர்த்தம் வேறு: இது டிசி விஷயம், விரிவாகப் பேச வேண்டும், வா. உடனே அதே கம்பியின் மேல், பல மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில், கணினிகளுக்கிடையே நடப்பது போன்ற இலக்கமுறை உரையாடல் தொடங்குகிறது. சிசிஎஸ் வண்டிகளின் மொழி இது.

இதில் ஒரு சிக்கல். அந்த உயர் அலைவெண் சமிக்ஞை கம்பிக்குள் அடங்கி இருப்பதில்லை, பக்கத்துக் கேபிளுக்கும் கசியும். எட்டு சார்ஜர்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒரு கார் 'நான் வந்திருக்கிறேன்' என்று சொன்னால் மூன்று சார்ஜர்கள் 'வா' என்று பதில் சொல்லக்கூடும். தவறான சார்ஜரோடு பேசி முடித்துவிட்டால், இந்தக் காரின் கணக்கில் பக்கத்துக் காருக்கு மின்சாரம் போகும். அதனால் கார் வரிசையாகச் சில சோதனைச் செய்திகளை அனுப்புகிறது. கேட்ட சார்ஜர்கள் ஒவ்வொன்றும், தன்னிடம் வந்து சேர்ந்தபோது சமிக்ஞை எவ்வளவு நலிந்திருந்தது என்று அளந்து சொல்ல வேண்டும். யாரிடம் மிகக் குறைவாக நலிந்ததோ, அதுவே நான் செருகியிருக்கும் சார்ஜர் என்று கார் முடிவு செய்கிறது.

அடுத்து, கேபிளில் எங்காவது காப்பு கிழிந்து மின்சாரம் உடம்பில் பாயுமா என்று சார்ஜர் உயர் மின்னழுத்தம் கொடுத்துச் சோதிக்கும். பிறகு மிக முக்கியமான படி. பேட்டரியில் 380 வோல்ட் இருக்கிறது, கேபிளில் ஒன்றுமில்லை என்ற நிலையில் சுவிட்சை மூடினால் என்ன ஆகும்? நீர்மட்டம் ஏறிய ஏரிக்கும் வறண்ட வாய்க்காலுக்கும் நடுவே மதகை ஒரே மூச்சில் தூக்கினால் ஆவதுதான். மின்னோட்டம் பாய்ந்தடித்துத் தீப்பொறி பறந்து, காண்டாக்டரின் உலோக முனைகள் ஒன்றோடொன்று பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும். எனவே சார்ஜர் தன் பக்கத்து மின்னழுத்தத்தை மெல்ல உயர்த்திப் பேட்டரியின் அளவுக்குக் கொண்டுவருகிறது. இரண்டும் கிட்டத்தட்டச் சமமான பிறகே காருக்குள் 'டக்' என்று சுவிட்ச் மூடும் ஓசை கேட்கும். அதற்குப் பிறகு ஆட்சி காருடையது. இப்போது 400 ஆம்பியர் கொடு, சூடாகிவிட்டது 350 ஆக்கு, எண்பது சதவீதம் நிரம்பிவிட்டது இன்னும் குறை என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். சார்ஜர் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

டெஸ்லா தொடக்கத்தில் பேசியது வேறொரு மொழி, கார்களின் உட்பாகங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் என்ற முறையின் ஒற்றைக்கம்பி வடிவம். முதல் இரண்டு தலைமுறைச் சூப்பர்சார்ஜர்களுக்கு அது மட்டுமே தெரியும். ஆகவே அமெரிக்காவில் அவை இன்றைக்கும் ஊரார் வண்டிகளுக்குத் திறக்கவில்லை. 2019-ல் வந்த மூன்றாம் தலைமுறைச் சார்ஜர்களுக்குத்தான் இரண்டு மொழியும் வரும்.

அந்த இரண்டாம் மொழியை டெஸ்லா கற்றுக்கொண்டதில் ஐரோப்பாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2014-லேயே ஒரு நெறிமுறை போட்டிருந்தது: 2017 நவம்பருக்குப் பிறகு பொது இடத்தில் வைக்கும் டிசி சார்ஜர்களில் சிசிஎஸ் பிளக்கின் ஐரோப்பிய வடிவம் இருந்தாக வேண்டும். டெஸ்லா 2019-ல் ஐரோப்பாவில் மாடல் 3-ஐ விற்கத் தொடங்கியபோது தன் பிளக்கை ஓரம் வைத்துவிட்டு சிசிஎஸ் வாயோடுதான் அனுப்பியது. பழைய சார்ஜர்களிலும் இரண்டாவது கேபிளைத் தொங்கவிட்டது. அதன் பிறகு ஐரோப்பியச் சூப்பர்சார்ஜரில் இன்னொரு கம்பெனி வண்டியைச் செருகத் தடையாக இருந்தது மென்பொருள்தான். 2021 நவம்பர் 1 அன்று நெதர்லாந்தில் பத்து நிலையங்களில் அந்தத் தடையை எடுத்துப் பார்த்தார்கள். அடுத்த சில மாதங்களில் நார்வே, பிரான்ஸ், பிரிட்டன் என்று பரவியது.

அமெரிக்காவில் சட்டம் அப்படிக் கட்டளையிடவில்லை, பணத்தைக் காட்டியது. 2021-ன் உள்கட்டமைப்புச் சட்டம் சார்ஜர்களுக்கென்று 750 கோடி டாலர் ஒதுக்கியது, அதில் 500 கோடி நெடுஞ்சாலைகளுக்கு. அப்போதைய நிபந்தனைகள்: ஐம்பது மைலுக்கு ஒரு நிலையம், ஒவ்வொன்றிலும் 150 கிலோவாட்டில் குறைந்தது நான்கு சார்ஜர்கள், 97 சதவீத நேரம் வேலை செய்ய வேண்டும், சிசிஎஸ் பிளக் கட்டாயம். ஒரு கம்பெனி வண்டிக்கு மட்டும் பயன்படும் சார்ஜருக்கு அரசுக் காசு கிடையாது. 2023 பிப்ரவரியில் வெள்ளை மாளிகை, டெஸ்லா 2024 முடிவதற்குள் 7,500 சார்ஜர்களை எல்லாருக்கும் திறக்கும் என்று அறிவித்தது. அதற்காகச் சார்ஜர் கம்பத்துக்குள்ளேயே பூட்டி வைத்த ஓர் அடாப்டரை டெஸ்லா செய்தது. செயலியில் ஃபோர்டு என்று சொன்னால் அடாப்டரோடு பிளக் கழன்று வரும், டெஸ்லா என்றால் அது இல்லாமல் வரும்.

இதற்கிடையே, 2022 நவம்பரில் டெஸ்லா இன்னொரு வேலை செய்திருந்தது. தன் பிளக்குக்கு 'வட அமெரிக்கச் சார்ஜிங் தரநிலை' என்று பெயர் சூட்டி அளவுகளையும் வரைபடங்களையும் வெளியிட்டது. ஒரே ஒரு கம்பெனி பயன்படுத்தும் பொருளுக்கு இப்படிப் பெயர் வைக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும். பலர் சிரித்தார்கள். ஆனால் அந்த அறிக்கையில் டெஸ்லா சொன்ன கணக்கு சிரிப்புக்குரியதல்ல: சாலையில் சிசிஎஸ் வண்டிகளைவிடத் தன் பிளக் கொண்ட வண்டிகள் இரண்டு மடங்கு, மற்ற எல்லா நிறுவனங்களின் சிசிஎஸ் சார்ஜர்களையும் கூட்டினாலும் அவற்றைவிடத் தன்னுடையவை 60 சதவீதம் அதிகம்.

எண்ணிக்கையைவிடக் கனமான விஷயம் ஒன்று, அதே ஆண்டில் கலிபோர்னியாவில் வெளிச்சத்துக்கு வந்தது. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் எல்லாருக்கும் திறந்திருந்த 181 நிலையங்களுக்கும் ஒன்று விடாமல் போய், அங்கிருந்த 657 சிசிஎஸ் பிளக்குகளையும் சோதித்தார்கள். இரண்டு நிமிடம் மின்னேற்றிக் காட்டினால் தேர்ச்சி. அவ்வளவு எளிய தேர்வில் தேறியவை 72.5 சதவீதம். மற்றவற்றில் திரை உறைந்திருந்தது, அட்டையை வாங்க மறுத்தது, இணையத் தொடர்பு அறுந்திருந்தது, பிளக் உடைந்திருந்தது. கிட்டத்தட்ட ஐந்து சதவீதத்தில் கேபிள் காரை எட்டவே இல்லை. அமெரிக்காவில் மின்வாகனத்தின் தொழில்நுட்பத் தலைநகர் என்று சொல்லத்தக்க பகுதியிலேயே நாலில் ஒன்றுக்கு மேல் தேறவில்லை!

டீலரிடம் வண்டி பார்க்க வருகிறவர் கிலோவாட் பற்றிக் கேட்பதில்லை. வழியில் நின்றுவிடமாட்டேனே என்றுதான் கேட்பார். ஃபார்லியும் பாராவும் வாங்கியது அதற்கான பதிலை. அன்றைய டெஸ்லா சார்ஜரில் திரை கிடையாது, அட்டை தேய்க்கும் இடம் கிடையாது, கெட்டுப்போவதற்கே அதிகமாக ஒன்றும் கிடையாது. பணக் கணக்கு காரின் அடையாளத்தைக்கொண்டோ செயலி வழியாகவோ முடிந்துவிடும். சார்ஜர், கார், மென்பொருள், பராமரிப்பு எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருந்ததால், எது பழுதானாலும் 'அது அடுத்தவன் தவறு' என்று கை காட்ட ஆள் இல்லை.

சரி, டெஸ்லாவுக்கு என்ன லாபம்? தன் கார்களை விற்க இருந்த மிகப்பெரிய கவர்ச்சியைப் போட்டியாளருக்கு ஏன் தூக்கிக் கொடுக்க வேண்டும்? அரசு மானியம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மின்கட்டண ரசீதில் ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவில் பெரிய நுகர்வோரிடம் மின்வாரியங்கள் யூனிட்டுக்கு மட்டும் காசு வாங்குவதில்லை. அந்த மாதத்தில் ஏதாவது ஒரு கால்மணி நேரம் தொட்ட உச்ச அளவுக்கும் தனியாக வாங்குவார்கள். கணக்குக்காக ஒரு கிலோவாட்டுக்கு 15 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கார்கள் ஒரே நேரத்தில் வந்து உச்சம் 600 கிலோவாட்டைத் தொட்டால், அந்த ஒரு கால்மணிக்காக அந்த மாதம் 9,000 டாலர் கட்ட வேண்டும். மாதம் 300 வண்டிகள் வந்தால் வண்டிக்கு 30 டாலர் இதற்கே போய்விடும். 3,000 வண்டிகள் வந்தால் மூன்று டாலர். டிரான்ஸ்ஃபார்மர், நிலம், தோண்டிப் புதைத்த கேபிள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சும்மா நிற்கும் சார்ஜர் நஷ்டம். ஊரார் வண்டியை ஊட்டினால் தன் வலைப்பின்னல் தானே வளரும். போதாததற்கு, வெளியாரிடம் கூடுதல் விலை, மாதச் சந்தா கட்டினால் டெஸ்லாக்காரருக்கு உள்ள விலை.

2024 பிப்ரவரி 29 அன்று ஃபோர்டுக்குக் கதவு திறந்தது. அடுத்த மாதம் ரிவியன். ஏப்ரல் இறுதியில் மஸ்க், சூப்பர்சார்ஜர் பிரிவை அதன் தலைவர் ரெபெக்கா டினுச்சியோடு சேர்த்து, ஏறத்தாழ 500 பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார். ஒரு நாட்டின் கார் தொழில் முழுவதும் தன் பயணிகளை ஒப்படைத்த பிறகு, அந்த வலைப்பின்னலைக் கட்டியவர்களில் அநேகமாக யாரும் வேலையில் இல்லை. சில வாரங்களில் ஒரு பகுதியினரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்; ஜெனரல் மோட்டார்ஸுக்கான கதவு அந்தச் செப்டம்பரில்தான் திறந்தது. ஒற்றை மனிதரின் மனநிலையில் ஒரு பொதுவசதி தொங்குவது எப்படிப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. நல்லவேளையாக, பிளக்காவது அதற்குள் கைமாறியிருந்தது. வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்ஏஇ அதை எடுத்து, ஜே3400 என்ற எண்ணில் பொதுத் தரநிலையாக்கிவிட்டது. இனி அதன் அளவை மாற்ற வேண்டுமென்றால் குழு கூடிப் பேச வேண்டும்.

ஒரு கம்பெனியின் பிளக் பொதுச் சொத்தாவது இங்கேயும் நடந்திருக்கிறது. சென்னை ஐஐடியில் முளைத்து ஓசூரில் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏதர், 2021-ல் தன் வேகச் சார்ஜிங் பிளக்கை மற்ற இருசக்கர வாகனக் கம்பெனிகளுக்குத் திறந்தது. ஹீரோவின் விடா ஸ்கூட்டர் அதை எடுத்துக்கொண்டது. 2023-ல் இந்தியத் தரநிலைகள் பணியகம் அதை ஏற்றது. சண்டையில்லாமல் முடிந்ததால் அதிகம் பேர் கவனிக்கவில்லை.

மொழியும் பிளக்கும் ஒத்துப்போன பிறகும் இயற்பியல் விட்டுக்கொடுப்பதில்லை. மூன்றாம் தலைமுறைச் சூப்பர்சார்ஜர் 250 கிலோவாட் வரை தரும், ஆனால் 500 வோல்ட்டைத் தாண்டாது; டெஸ்லா கார்கள் பெரும்பாலும் 400 வோல்ட் வகை என்பதால் அது போதுமாக இருந்தது. ஹூண்டாயும் கியாவும் போர்ஷேயும் 800 வோல்ட்டுக்குப் போய்விட்டார்கள். காரணம் எளிது. 250 கிலோவாட்டை 400 வோல்ட்டில் அனுப்ப 625 ஆம்பியர் வேண்டும். 800 வோல்ட்டில் அதில் பாதி போதும். கம்பியில் எழும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே பாதி ஆம்பியர் என்றால் கால் பங்குச் சூடு.

ஆனால் 800 வோல்ட் பேட்டரிக்குள் 400 வோல்ட்டிலிருந்து மின்சாரம் ஏறாது. ஹூண்டாய் பொறியாளர்கள் இதற்கு ஓர் அழகான தந்திரம் வைத்திருக்கிறார்கள். மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றுக்கு வேண்டியவை ஒரு கம்பிச் சுருளும் வேகமான சுவிட்சுகளும். நின்றுகொண்டிருக்கும் காரில் அவை இரண்டும் சும்மா கிடக்கின்றன: பின்சக்கர மோட்டாரின் சுருள்கள், அதை இயக்கும் இன்வெர்ட்டரின் சுவிட்சுகள். சார்ஜரின் மின்சாரத்தை அந்த மோட்டார் வழியாகவே அனுப்பி உயர்த்திக்கொள்கிறார்கள், சக்கரம் அசையாது. வேறு வேலைக்கு வைத்த பாகம் என்பதால் வேகம் மட்டும் குறையும். விளைவு ஒரு வேடிக்கை. 2025-ன் ஐயானிக் 5, டெஸ்லா பிளக்குக்கான வாயோடு பிறந்த வண்டி. அது 10-லிருந்து 80 சதவீதத்துக்கு நிரம்ப, சூப்பர்சார்ஜரில் சுமார் 30 நிமிடம் ஆகிறது. போட்டியாளரின் 350 கிலோவாட் சிசிஎஸ் சார்ஜரில் அடாப்டர் மாட்டிச் செருகினால் சுமார் 20 நிமிடம்தான். 900 வோல்ட்டைத் தாண்டும் லூசிட் ஏர் கார் பாவம், சூப்பர்சார்ஜரில் 50 கிலோவாட்டோடு நின்றுவிடுகிறது. டெஸ்லா 2024 நவம்பரில் அறிவித்த நான்காம் தலைமுறைப் பெட்டி 1,000 வோல்ட் வரை போகும். அவை ஊரெங்கும் வந்து சேரும்வரை இந்த முரண் இருக்கும்.

கடைசித் தடை இதையெல்லாம்விட அற்பமானது: கேபிளின் நீளம். டெஸ்லா கார்களில் மின்வாய் பின்பக்க இடது மூலையில். எல்லா வண்டியும் அப்படியே, எல்லாரும் பின்னோக்கி வந்து நிறுத்துவார்கள் என்று தெரிந்ததால், மூன்றாம் தலைமுறைக் கேபிளை இரண்டு மீட்டருக்கும் குறைவாக வைத்தார்கள். அதற்குள் செம்பும், அதைக் குளிர்விக்கும் திரவமும் ஓடுகின்றன. ஒவ்வொரு அடியும் செலவு, ஒவ்வொரு அடியும் சூடு. சொந்தக் காருக்கு மட்டும் வைத்த சார்ஜரில் இது புத்திசாலித்தனம். மின்வாய் முன்பக்க இடதில் உள்ள ஃபோர்டு லாரியோ, பின்பக்க வலதில் உள்ள கியாவோ வந்தால், பக்கத்துக் கட்டத்தின் கேபிளை இழுத்தாக வேண்டும். ஒரு வண்டி, இரண்டு இடம். டெஸ்லாக்காரர்கள் முணுமுணுத்தார்கள், நியாயம்தான். முன்பக்க வலதில் டிசி வாய் உள்ள போர்ஷே டைகான் போன்ற சிலவே நேரே வந்து நின்றால் பொருந்தும். புதிய கம்பங்களில் சுமார் மூன்று மீட்டர் கேபிள் வைக்கிறார்கள்.

சிலர் கேபிள் நீளும்வரை காத்திருக்கவில்லை. டெஸ்லா மாடல் எஸ்ஸின் தலைமைப் பொறியாளராக இருந்து, பின்பு லூசிட்டின் தலைவரான பீட்டர் ராலின்சன், முதலில் செய்த ஏர் காரில் மின்வாயை முன்பக்க இடதில், சிசிஎஸ் வடிவில் வைத்தார். அடுத்து வந்த கிராவிட்டியில் டெஸ்லா பிளக், பின்பக்க இடது மூலையில். பின்சக்கர மோட்டார் வழியாக மின்னழுத்தத்தை உயர்த்தி, பழைய சூப்பர்சார்ஜரிலும் 225 கிலோவாட் வரை இழுக்கிறது அந்த வண்டி.